என் தெரு தந்த நற்சான்று

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு ஜோக் வரும். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்த அன்றைக்கே, "இனிமே டிவி ரிமோட்டு நம்ம கைக்கு வந்துருச்சு" என்று சொன்னவன் நான். சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் அரை மணி நேரம் அழுதேன். அழுததை யாரும் பார்க்கவில்லை. ஜோக்கை எல்லோரும் கேட்டார்கள். மாமியார் வீட்டில் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும் மட்டும்.

சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்போது நான் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி முதலாளியுடையது, தொப்பை மட்டும் என்னுடையது. மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றி, விடிவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். பூவுக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஊர் தூங்கும்போதே கிளம்புவேன். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். அவள் எழுந்து பல் விளக்குவதற்குள் திரும்பிவிடுவேன். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கரண்டு போயிருக்கிறது. மின்விசிறி நின்றதும் புழுக்கத்தில் எழுந்தவள் இருட்டில் என்னைத் தேடியிருக்கிறாள். என் வண்டி போகும் பாதை அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு செம்பட்டி ரோட்டில் நடந்திருக்கிறாள். ரோந்து வந்த போலீஸ்காரர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டார்கள். நான் வெறும் வண்டியோடு திரும்பியபோது வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். வீட்டின் நிலைமை தெரியும்வரை அங்கேதான் இருப்பாள் என்றார்கள்.

குழுவின் முன்னால் என்னையும் உட்கார வைத்தார்கள். நீள மேசை. அந்தப் பக்கம் நாலைந்து பேர். நடுவில் இருந்த அம்மா கேட்டார், "நீங்க வண்டிக்குப் போறப்ப வீட்ல வேற யாரு இருப்பா?"

"ரெண்டு பல்லி இருக்கும் மேடம். ஆனா அதுகளுக்குப் பொறுப்புக் கிடையாது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் மேசைமேல் சாய்ந்து, "காலையில எதுவும் சாப்டீங்களா?" என்றார்.

"ரெண்டு இட்லி சார்."

"நான் இட்லியக் கேக்கல."

நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்து பல்லியைப் பற்றிப் பேசுகிறவனை வேறு எப்படி நினைப்பார்கள்? என் வீட்டைப் பார்த்து விசாரித்துச் சொல்ல ஒரு பெண் சமூகப் பணியாளரை நியமித்தார்கள். அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் மகள் வீட்டுக்கு வருவதும் வராததும்.

ஊருக்கு வந்தால் டீக்கடை மாமா வேறு கதை வைத்திருந்தார். "ஹோம்னா என்னான்னு நெனச்ச மாப்ள? பேர மாத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிருவாய்ங்க. வாரவ நல்லாத்தான் பேசுவா. நம்பிராத."

நம்பவில்லை. அந்தப் பணியாளர் அம்மாவை நான் பார்ப்பதற்கு முன்பே நம்பாமல் இருக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாராவது வெளியூர்க்காரர் வந்து ஒருவரைப் பற்றி விசாரித்தால், அது மாப்பிள்ளை பற்றிய விசாரணை என்றுதான் எங்கள் தெருவுக்குப் பழக்கம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கை ஐந்நூற்றுக்குக் கீழே விட்டதில்லை. அடிதடி வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவன்கூட எங்கள் தெருவில் 'கொஞ்ச நாள் வெளியூர்ல வேலையா இருந்த பையன்'தான். இதை யாரும் பொய்யாக நினைப்பதில்லை. ஒத்தாசை.

ஒரு நாள் மத்தியானம் அந்த அம்மா ஸ்கூட்டியில் வந்து டீக்கடையில் என் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். மாமா அவரைக் கண்மாய்க்கரையைச் சுற்றி வரும்படி அனுப்பிவிட்டு, தான் சந்து வழியாக ஓடி வந்து வீடு வீடாகச் சொல்லிவிட்டார். நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். நாற்பதைத் தொடும் வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, ஜலதோஷம் பிடித்த குரல். டவுனில் பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. வீட்டைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கதவை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பக்கத்து வீட்டில் பூக்கட்டும் மதினி இருந்தாள். "அவரு வண்டிக்குப் போறப்ப பிள்ள எங்கம்மா தூங்கும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எங்க வீட்லதான் டீச்சர். தூங்குற பிள்ளையத் தூக்கியாந்து எம் பக்கத்துல போட்டுட்டுத்தான் எங்க கொழுந்தனாரு வண்டியையே எடுப்பாரு. நான் பெக்கல, அம்புட்டுத்தான்." வாழை நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே கண் இமைக்காமல் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அடுத்த வீட்டிலும் இதையே சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காது கேட்காது. கேள்வி வரும்முன்பே, "மதினி வீட்லதான் படுக்கும்" என்றார். அவருக்கு அவள் மருமகள் முறை. மாமா சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாற்றாமல் ஒப்பித்துவிட்டார். "ஆளு சொக்கத் தங்கம். குடி, சீட்டு ஒண்ணும் கிடையாது" என்று தெருவே சேர்ந்து சொன்னது. அது மட்டும்தான் உண்மை. பொய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் அதுவும் பொய் மாதிரியே கேட்டது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியாண்ணே?"

தெருவே என்னைப் பார்த்தது. இல்லை என்று சொன்னால் மதினி பொய்க்காரி ஆவாள். ஆமாம் என்று சொன்னால் மகள் வீட்டுக்கு வருவாள். ஆமாம் என்று தலை ஆடியது.

ஸ்கூட்டியில் ஏறிய பிறகு கேட்டார், "இம்புட்டு நல்ல தெருவுல இருந்து எப்படிண்ணே அந்தப் பிள்ள ரோட்டுக்கு வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு மாமா யாருக்கும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அவர் போன பிறகு தெருவே சந்தோஷமாக இருந்தது. "முடிஞ்சுது மாப்ள. அடுத்த வாரம் பிள்ள வீட்ல" என்று மாமா டீ போட்டார். நானும் குடித்தேன். பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் பிள்ளையைப் பார்க்க விட்டார்கள். வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. தலையை இழுத்துப் பின்னி, யாருடைய கவுனோ போட்டுக்கொண்டு வந்தாள். வழக்கமாக என் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பவள். நான் கண்ணை மாறுகண்ணாக்கிக் காட்டினேன். சிரிக்கவில்லை.

"அப்பா, ராத்திரி நான் எங்க தூங்குவேன்னு அந்த மேடம் கேட்டாங்க. தனியாத்தான்னு சொல்லிட்டேன்."

"சரி தாயி."

"பக்கத்து வீட்ல படுப்பியான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுன்னாங்க. அப்பவும் இல்லைன்னுதான் சொன்னேன்." அவள் கை என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. "நான் அப்படிச் சொன்னதாலதான் வீட்டுக்கு விட மாட்டேங்கிறாங்களாம். இங்க ஒரு அக்கா சொல்லுச்சு. நான் மாத்திச் சொல்லிரவாப்பா?"

ஒரு ஜோக்காவது வரும் என்று காத்திருந்தேன். பாழாய்ப்போன வாய், வேண்டாத இடத்தில் எல்லாம் திறக்கும். அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. "மாத்தாத தாயி. நீ சொன்னதுதான் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஒன்று எங்கள் தெரு பொய் சொன்னது, இல்லை என் மகள் பொய் சொன்னாள். அந்த அம்மாவுக்கு முன்னால் இருந்தது அந்த இரண்டுதான். நான் தலையாட்டியபோது, எந்தப் பக்கம் ஆட்டுகிறேன் என்று தெரியாமலே ஆட்டியிருக்கிறேன்.

மறுநாள் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

"எங்க தெரு சொன்னது பொய் மேடம். எம்மக சொன்னதுதான் நெசம்."

அவர் டிபனை மூடினார். "நீங்களும் தலையாட்டுனீங்க."

"ஆமா."

"இத நான் குழுவுல சொன்னா உங்களுக்குத்தான் பாதகம். தெரியும்ல?"

"தெரியும். எம்பிள்ள பொய் சொல்லுதுன்னு நீங்க முடிவு பண்ணிரக்கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்துவிட்டது. "முன்னெல்லாம் வெளித் தாழ்ப்பாளப் போட்டுட்டுத்தான் போவேன் மேடம். ஒரு நாள் வந்து தொறந்தா, கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்தபடி தூங்கிட்டிருக்கா. நகத்துல எல்லாம் பச்சப் பெயிண்டு. கதவச் சொரண்டிருக்கா. அன்னையிலருந்து தாழ்ப்பாள் போடுறதில்ல. போட்டா அப்படி, போடலேன்னா இப்படி. மூணாவதா ஒரு கதவு இருந்தாச் சொல்லுங்க, கடன் வாங்கியாவது மாட்டிர்றேன்."

அதுவும் பாதி ஜோக்தான். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "எனக்கும் தெரியலண்ணே" என்றார்.

எனக்கு அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். தெரியவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். டீக்கடை மாமா சொல்லிக் கேட்டதை எல்லாம் அப்போதுதான் அவரிடமே கேட்டேன். பேரை மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவீர்களாமே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அது ஒரு மாதிரி தணிந்தது.

"போன வருசம் ஒரு அம்மாவ நம்பி, லீவுக்குப் பிள்ளைய அனுப்பச் சொல்லி நாந்தான் குழுவுல பேசுனேன். கூட்டிட்டுப் போனவங்கதான். எங்க இருக்காங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு உண்டு. மாத்திரை எல்லாம் ஹோம்லதான் கெடக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஜலதோஷம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. "அதுலருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் காதுல மொதல்ல பொய்தான் விழுது. உங்க தெருவுல என்னான்னா, பூராப் பேரும் ஒரே வார்த்தையில பேசுறாங்க. பயந்துட்டேண்ணே."

அவர் நம்மைப் பார்த்துப் பயப்படுவார் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. பூ வண்டியை விட்டேன். செம்பட்டியில் ஒரு தேங்காய் மண்டியில் பகல் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டை தூக்கும் வயது தாண்டிய பிறகு மூட்டை தூக்கக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் நான்தான். முதல் வாரம் என் முதுகு எனக்குத் தெரியாத பாஷையில் பேசியது. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. மதினி முன்வந்தாள். "பொய்தான் சொன்னேன். அத நெசமாக்கிட்டாப் போச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அந்த அம்மா வந்து அவள் வீட்டில் நெடுநேரம் உட்கார்ந்து பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே மதினியின் வீட்டுக்காரர் பட்டப்பகலில் தள்ளாடி வந்து வாசலில் விழுந்தார். அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த வீடு வேண்டாம் என்றார்.

மதினி அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்தினாள். "உனக்காகப் பொய் சொன்ன வாய்க்கு நல்ல மரியாத செஞ்சுட்ட" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னதுதான் கடைசி. அவள் சொன்னதில் தப்பில்லை. இரண்டு குழுக் கூட்டங்கள் போயின. இரண்டிலும், இன்னும் ஏற்பாடு சரியில்லை என்றார்கள். இரண்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை. மகள் இல்லத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் எங்களுக்குள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவை, "நீ அடுத்த வாரம் வருவியா மாட்டியா, மொதல்லயே சொல்லிரு" என்று கேட்டாள். பெரிய மனுஷி மாதிரி.

பொங்கல் லீவுக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த அம்மா குழுவில் கேட்டு வாங்கினார். அவர்கள் தயங்கியபோது, திரும்பி வருவார்கள், அதற்குத் தானே பொறுப்பு என்று சொன்னாராம். என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. இல்லத்து சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "லீவு முடியுற அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வந்துருங்கண்ணே."

பொங்கலுக்கு வந்தாள். கரும்பு தின்றாள், மாட்டுக்குக் கலர் அடித்தாள். என் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். நான் பாத்ரூம் போனால்கூட எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

டீக்கடை மாமா விடவில்லை. "கைக்கு வந்த பிள்ளையத் திருப்பிக் கொண்டுபோயி விடுவானா ஒருத்தன்? கேனையா நீயி? திருப்பூர்ல என் மச்சான் இருக்கான். ரூம் பாத்து வச்சிருக்கேன். பனியன் கம்பெனியில உனக்கு வேல. எவன் வந்து தேடப் போறான்?" மகள் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

லீவு முடிந்த அன்று செம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றோம். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் உண்மை. பையில் அவளுடைய துணியோடு என்னுடைய வேட்டி சட்டையும் இருந்தன. காலையில் நானேதான் எடுத்து வைத்தேன். ஏன் என்று என்னை நான் கேட்கவில்லை.

திருப்பூர் பஸ் முதலில் வந்தது. ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று கண்டக்டர் கத்தினார். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இதுல ஏறுப்பா. டீக்கடைத் தாத்தா சொன்ன ஊருதான இது? ஏறுப்பா."

"தாயி, செத்த நேரம் நில்லு."

"நான் தனியாவே இருப்பேன்ப்பா. பயப்பட மாட்டேன். நீ வெளிய தாழ்ப்பாப் போட்டுட்டுப் போ. கதவத் தட்ட மாட்டேன், சொரண்ட மாட்டேன். ஏறுப்பா."

ஒரு காலைப் படியில் வைத்தும் விட்டேன். கண்டக்டர் என் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் சொன்ன அந்த அறையைத்தான் அந்த நேரத்தில் மனசுக்குள் பார்த்தேன். திருப்பூரில் ஒரு ரூம். நான் ஷிப்டுக்குப் போயிருப்பேன். இவள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு. கதவு வெளியே பூட்டியிருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்று பார்க்க அந்த ஊரில் ஒரு ஸ்கூட்டியும் வராது. என்னைச் சந்தேகப்படக்கூட ஓர் ஆள் இருக்காது.

"ஏறுறியாய்யா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

காலை எடுத்துவிட்டேன். பஸ் போனது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கையை உருவிக்கொண்டாள். திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வழி முழுக்க என் பக்கம் திரும்பவே இல்லை. கடலை மிட்டாய் வாங்கினேன். என் மடியிலேயே கிடந்தது.

இல்லத்து கேட்டுக்கு வெளியே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் கையில், முகத்தில் வெயில். சாயங்காலம்வரை நேரம் இருந்தது. அவர் எப்போது வந்தார் என்று கேட்கவில்லை. எங்களைத் தெருமுனையில் பார்த்ததும் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

"வர மாட்டீங்கன்னு நெனச்சேண்ணே" என்றார்.

"நானும்தான் மேடம்."

அவர் பையைப் பார்த்தார். ஜிப் மூடாத பக்கம் என் வேட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மறைக்கவில்லை.

மகள் தன் துணியை மட்டும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சிஸ்டர் கதவைச் சாத்தும்வரை நின்று பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"திரும்பிக்கூடப் பாக்கலியே மேடம்."

"கோவம்ண்ணே. உங்க மேல, என் மேல, எல்லார் மேலயும். கோவப்பட்டுக்கிரட்டும்." ஹெல்மெட்டை வண்டி மேல் வைத்துவிட்டுச் சொன்னார், "புதன்கிழமை குழு கூடுது. நீங்க தானா கொண்டுவந்து விட்டத நான் சொல்லுவேன். விட்டுருவாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். சாயங்காலம் பாத்துக்கிற ஆளு இன்னும் கெடைக்கலைல்ல."

"இல்ல."

"தேடுவோம்."

உள்ளே ஏதோ மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. அதில் இவள் சத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"செத்த நேரம் இங்கனயே நின்னுக்கிரட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

"நில்லுங்கண்ணே" என்றார். வண்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவரும் போகாமல் நின்றார்.